மற்றவை

குட்டாய்சியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஆறு மேஜை, ஒரு அடுப்பு, நாலு பீப்பாய்.
சியாலா போனில் சொன்னது இவ்வளவுதான்:
"செவ்வாய்க்கிழமை சுகாதாரத்துறை வருகிறது.
அதற்கு முன்னால் நீ வா, மக்வாலா."

வியாழன் காலை கதவைத் திறந்ததும்
மூக்குக்குள் ஒன்று போனது.
எள்ளில் பாதி உடம்பு, சிவப்புக் கண்,
பறப்பதில்கூட ஒரு சோம்பல்.
ஊரே திராட்சை பிழிகிற அக்டோபர்,
யார் வீட்டில்தான் ஈ இல்லை என்றாள்.
போகிற இடமெல்லாம் இதைத்தான் கேட்கிறேன்.

மருந்து அடி, என்றான் சமையல்கார பெசிக்.
அடிக்கலாம். பறப்பது சாகும்.
ஈரத்தில் கிடப்பது உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.
அவன் சிரிக்கவில்லை.

முட்டி போட்டேன், டார்ச்சைக் கடித்துக்கொண்டு.
குளிர்பெட்டிக்குப் பின்னால்
அழுகித் தண்ணீராகிப்போன ஒரு உருளைக்கிழங்கு.
காலி பாட்டில்களில் ஆளுக்கொரு கடைசி மிடறு.
காயவே காயாத ஒரு துடைப்பம்.
வடிகால் குழாயின் உள்சுவரில்
விரலால் வழிக்கிற மாதிரி ஒரு பாசி.
தட்டில் குவித்த பெர்சிமன் பழங்களோ
பாவம், ஒரு பாவமும் அறியாதவை.

பிரஷ், கொதிநீர், மறுபடி பிரஷ்.
இரவில் வடிகால் வாயில் பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து
டேப் ஒட்டினேன்; உள்ளேயிருந்து வந்தால்
காலையில் டம்ளர் சொல்லிவிடும்.
மேஜைதோறும் கிண்ணத்தில் வினிகர்,
அதில் ஒரே ஒரு சொட்டு சோப்பு.
சோப்பு பட்டால் தண்ணீரின் தோல் கிழிந்துவிடும்,
இறங்கியது ஏறாது.

முதல் இரவு அறுபத்தொன்று.
அடுத்த இரவு இருபத்தெட்டு.
அதற்கடுத்த இரவும் இருபத்தெட்டு.
வடிகால் டம்ளர்கள் சுத்தம்.
எங்கேயோ ஒரு பிரசவ ஆஸ்பத்திரி
இன்னும் திறந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை.
நாற்காலி போட்டு உட்கார்ந்து
அவை போகிற வழியை மட்டும் பார்த்தேன்.
மேலே போயின.
மூன்றாவது தட்டு, ரேடியோவுக்குப் பின்னால்
மீசைக்காரர் ஒருவரின் போட்டோ,
அதன் முன் ஒரு கண்ணாடிக் கோப்பை ஒயின்.
மேலே வெள்ளை ஆடை.
ஓரத்தில் குருணை போல நெளிவு.

இரண்டு வருஷமாகக் கழுவவில்லை, என்றாள் சியாலா.
குறையும்போதெல்லாம் ஊற்றினேன்.
குறைந்ததே,
அதனால் குடிக்கிறார் என்று நினைத்தேன்.

என் தொழிலில் இதற்குப் பதில் இருக்கிறது.
சொல்லவில்லை.

எத்தனை நாளில் போகும், என்று கேட்டாள் பிறகு.
இந்த வெக்கையில் முட்டை இறக்கையாக
ஒன்பது நாள், என்றேன்.
பறந்தபின்?
நாற்பது நாள், மிஞ்சிப் போனால்.
ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள்,
என்று முணுமுணுத்தாள்.
நாங்கள் செத்தவருக்கு எண்ணுகிற கணக்காயிற்றே.
நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மூடி போடலாமா என்றேன்.
மூடினால் எப்படிக் குடிப்பார்?
சரி. சாயங்காலம் ஊற்று,
கடை சாத்தும்போது கழுவிக் கவிழ்த்துவிடு.
தினமும் காலியாகுமே?
ஆகும்.
யோசித்தாள். இருந்த காலத்திலும்
அவர் மிச்சம் வைத்ததில்லை, என்றாள்.

செவ்வாய்க்கிழமைத் தாளில் நாலு கட்டம்:
வடிகால். குப்பை. பழம். மற்றவை.
முதலிரண்டில் கோடு போட்டேன், பொய்யில்லை.
நான்காவதில் எழுதினேன்: கோப்பை, ஒன்று.
அதிகாரி கேட்கவில்லை. பெசிக் கேட்டான்,
உப்பைக் கொடு என்றாள் சியாலா.

பதினெட்டாம் நாள் போய்ப் பார்த்தேன்.
கிண்ணத்தில் மூன்று.
அதில் ஒன்று என்னோடு வந்ததாகக்கூட இருக்கலாம்.
கோட்டுப் பையில் ஒரு பேரிக்காய்,
எந்த வாரத்ததோ.