நாலாம் மாடிக் கயிறு

பசுண்டாங்கில் எங்கள் கட்டடத்து முகப்பில்
ஆறு கயிறுகள் தொங்கும்.
நுனியில் கிளிப், மேலே மணி.
பேப்பர்காரன் பச்சைக் கயிற்றை இழுத்தால்
எங்கள் மணிதான் அடிக்கும்.
மூன்றாம் மாடி டோ திடாவின் தூக்கம் கெடாது.

இணையத்துக்கு மட்டும் ஆறு வீட்டுக்கும் ஒரே கம்பி.
கீழே கோ அவுங்கின் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்து
படிக்கட்டோடு ஏறி
டோ திடா வீட்டு ரூட்டரில் மூச்சு வாங்கி
என்னிடம் வந்து சேரும்போது
பாதி உயிர்.

செண்பகம் பினாங்கில் நர்ஸ்.
"வீட்டைப் பார்க்கணும்" என்றாள்.
"என்னை?"
"நீதான் தினமும் போன்ல வர்றியே. வீட்டை."

அலமாரி மேல் கேமரா வைத்தேன். போர்ட் எண் 8554.
கூடத்திலிருந்து பார்த்தால் கூடம் தெரிகிறது.
பினாங்கிலிருந்து பார்த்தால்
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பகலெல்லாம் திலாவா துறைமுகத்தில்
பெட்டிகளை வழியனுப்புகிறவன் நான்.
இது அந்த லாரிக்கு, அது இந்த யார்டுக்கு.
ஒரு எண் பிசகியதில்லை.
வீட்டில் ஒரே ஒரு எண்ணை
நாலு மாடி ஏற்ற முடியவில்லை.

கரண்ட் போய் வரும்போதெல்லாம்
கேமரா முகவரியை மாற்றிக்கொள்கிறது என்று
முதல் சனிக்கிழமை பிடிபட்டது. கட்டிப் போட்டேன்.
அடுத்த சனி, ஒரு பொட்டலம் முறுக்கோடு டோ திடா வீடு.
பாஸ்வேர்டு புத்தர் மாடத்துக்குக் கீழே
காலண்டர் தாளில் இருந்தது.
பிறகு கடை. "திறந்துதானே இருக்கு" என்றார் கோ அவுங்.
திறந்துதான் இருந்தது.

எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்த இரவில்
கடை ரூட்டர் தன் வெளிமுகவரி என்று நம்பியிருந்ததும்
உள்முகவரிதான் என்று தெரிந்தது.
அதற்கும் வெளியே கம்பெனியின் பெருவாசல்.
எத்தனை தெருக்களோ அதற்குள்.
அங்கே எந்த மாடிக்கும் கயிறு இல்லை.

தனி முகவரிக்கு மாதம் இத்தனை ச்சாட் என்று
கம்பெனிப் பெண் மரியாதையாகச் சொன்னாள்.
ஆறு வீடும் சேர்ந்து கட்டுகிற பில்லைவிட அதிகம்.

இழுக்கக் கயிறு இல்லையென்றால்
மேலிருந்துதான் விட வேண்டும்.
சிங்கப்பூரில் ஒரு வாடகைக் கணினி, இருப்பதிலேயே மலிவு.
அதுவரைக்கும் நானே ஒரு இழை இறக்கினேன்.
உள்ளேயிருந்து வெளியே போகிறவனை
கம்பிக்குள்ளாவது
யாரும் எதுவும் கேட்பதில்லை.

செண்பகம் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

தலை வாரிக்கொண்டு கேமரா முன் நின்றேன்.
"கொஞ்சம் நகரு" என்றாள்.
நகர்ந்தேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு:
"தெருப்பக்கத்து ஜன்னல் திறந்து கிடக்கு.
சாரல் அடிக்குது பார், மெத்தையெல்லாம்"

கரண்ட் போனது.

இருட்டில் தடவிப் போய் ஜன்னலை மூடினேன்.
வெளியே
ஆறு கயிறும் நனைந்துகொண்டிருந்தன.