சான்றுப்பொருள் ஐந்து

வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைத்து வந்தது.
கொண்டுவந்த தரம்வீர் தஹியா
என் கையெழுத்துக்குக் காத்திருந்தபடி சொன்னார்:
"எங்கள் பக்கம் நல்ல முர்ரா எருமை ஒன்றை விற்றால்
இதில் மூன்று வாங்கலாம், மேடம்."
எருமைக்காவது காதில் மஞ்சள் பட்டை, அதில் எண்.
இதன் எண்ணை யாரோ அராவி எடுத்திருந்தார்கள்.

ரோகிணியில் ஜனவரி.
ஆய்வகத்து ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிகிறது.
பனிக்குள் மெட்ரோ போகும் சத்தம் இருக்கிறது
மெட்ரோவைக் காணோம்.

மரக்கட்டையில் ஆணியால் கீறிய பெயர்.
எனக்குத் தெரியாத லிபி.
அதன்மேல் அதற்கும் தெரியாத இன்னொரு லிபி.
கட்டையின் பின்புறத்தை ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள்.
'முப்பத்தெட்டு மில்லிமீட்டர் குறைக்கப்பட்டுள்ளது.'
எவ்வளவு சின்னத் தோளுக்காக என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

எமரித் தாள். பிறகு பஞ்சில் அமிலம்.
எண்ணை அராவலாம்
எண் அடித்தபோது இரும்பு வாங்கிய அடியை அராவ முடியாது.
ஒற்றி ஒற்றிக் காத்திருந்தால்
மூன்றோ எட்டோ ஒன்று மேலே வருகிறது
பிறகு பட்டறை முத்திரை
பிறகு வருடம்
நான் பிறந்த வருடம்.
ஃபர்ஹீன், சீக்கிரம் படம் எடு, மங்குகிறது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் ஊரில்.
அம்பை நோவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இருபது வருடம் நொந்ததில் தெரிந்தது,
அந்தப் பழமொழியில் கொல்லனுக்கு இடமே விடவில்லை.
ஒரு போருக்கு அன்பளிப்பாய் அனுப்பிவிட்டு
அது முடிந்ததும் திரும்பக் கேட்காத அரசாங்கத்துக்கும்,
'பழுது' என்று பேரேட்டில் எழுதிப்
பின்கதவைத் திறந்த கிடங்குக்காரனுக்கும்,
மீன் பெட்டிக்கு அடியில் நூறு அடுக்கிய படகுக்கும்,
படகைப் பார்த்தபடியே
டீயை ஆற்றிக் குடித்த அதிகாரிக்கும்.
இத்தனை பேர் சேர்ந்து நீட்டிய கையில்
நாம் விரலை மட்டும் பிடிக்கிறோம்.

தண்ணீர்த் தொட்டிக்குள் மூன்று முறை சுட்டேன்.
தண்ணீர் எழும்பியது, அடங்கியது.
'நல்ல இயங்கு நிலையில் உள்ளது' என்று கையெழுத்திட்டேன்.
நாற்பது வருடத்துக்கு முன்
எண்ணெய்த் தாளில் சுற்றும் முன்னால்
வேறொரு குளிரில் வேறொருவர்
இதே வாக்கியத்தில் கையெழுத்திட்டிருப்பார்.
அவருக்கும் பேனா உறைந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து நீதிமன்றம்.
'பொழிலரசி' என்ற என் பெயரை
டவாலி மூன்று முறை மூன்று விதமாய்க் கூப்பிட்டான்.
கூண்டில் இருபத்திரண்டு வயது,
ஸ்வெட்டர் முழங்கையில் நூல் பிரிந்து.
அவன் சுடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை.
துணிக்கடை ஷட்டரை இறக்கும்போது விழுந்த
சுரிந்தர் லாம்பாவின் பெயரும் கோப்பில் இருக்கிறது,
அவர் மனைவி மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.
வழக்கறிஞர் கேட்டார்:
"சுட்டது யார் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?"
"முடியாது."
"அவ்வளவுதான், மை லார்ட்."

செய்தது யார் என்று சொல்ல முடியும்.
எந்தப் பட்டறை, எந்த வருடம்,
எந்தக் கையிருப்போடு முதலில் கப்பலேறியது என்பது வரை
நாலு கடிதம் எழுதினால் தெரிந்துவிடும்.
கேள்வி வருமென்று கொஞ்ச நேரம் நின்றேன்.
மதிய உணவு இடைவேளை வந்தது.

அன்றிரவு வரிக்கழிவுக் கணக்குக்காக
மாதம் ஐயாயிரம் போடும் நிதியின் பட்டியலைத் திறந்தேன்.
வங்கி, சிமெண்ட், பற்பசை, வங்கி.
முப்பத்தோராம் வரியில்
துல்லிய எஃகுக் குழல்கள் செய்யும் ஒரு நிறுவனம்.
ஒன்றே கால் சதவீதம்.
நன்றாக ஏறியிருக்கிறது.
என்ன குழல் என்று தேடினேன்,
தண்ணீர்க் குழாயாக இருந்துவிடாதா என்று
இரண்டாம் பக்கம் வரை தேடினேன்.

விற்றுவிடலாம்.
விற்றால் வாங்க வேறொரு கை இருக்கும்.
அதுவும் அப்படித்தானே
கைமாறிக் கைமாறி என் மேஜைக்கு வந்தது.

இன்னும் விற்கவில்லை.