சீட்டு விழுந்தபடி

களியலுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே
நாற்பது தேன்பெட்டி.
இடவப்பாதி மழை இறங்கிய வாரம்
பிளாஸ்டிக் வாளிக்குள் நாற்பது துண்டுத்தாள்.
எப்சிபா குலுக்கினாள், அவள் மகன் எடுத்தான்,
நான் எழுதினேன்:
இருபதுக்கு மருந்து கலந்த சீனிப்பாகு,
இருபதுக்கு வெறும் சீனிப்பாகு.

"கைராசிக்கார பயலு, நல்லதாட்டு எடுப்பான்."
நல்லது கெட்டது பாராமல் எடுக்கத்தான் வாளி என்றேன்.
பலத்ததும் மெலிந்ததும்,
மேட்டில் காய்வதும் ஓடைக்கரையில் நனைவதும்,
எனக்குத் தெரியாத இன்னும் எத்தனையோ வேற்றுமையும்
இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாய் விழும்
என்று நம்பித்தான் குருட்டு விரலிடம் கொடுக்கிறோம்.
தலையாட்டினாள்.
மாசச்சீட்டு நடத்துகிறவளுக்கு
சீட்டைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேனும் ஒரே நிறம், ஒரே வாடை.
ஒரு மூடியில் கோடு, ஒன்றில் புள்ளி.
எது மருந்து என்பது
நாகர்கோவிலில், ஒட்டிய கவருக்குள்.
அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

எறும்புக்குத் தெரிந்தது.
கழுவ எடுத்துவைத்த சிரட்டைகளில்
சிலதைக் கறுப்பாய் மொய்த்தது,
சிலதைச் சுற்றிக்கொண்டு போனது.
அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆடி முடிய, பதினாறு பெட்டி ஒழிந்தது.
அறைக்குள் புழு பைபோலத் தொங்கிச் செத்தது,
மிச்ச ஈக்கள் சொல்லாமல் பறந்துபோயின.
தினமும் எதற்கு எந்தப் பாகு வைத்தாள் என்ற
அவள் நோட்டை வைத்துக் கூட்டினேன். கவரைப் பிரித்தேன்.
மருந்து குடித்த இருபதில் பதினொன்று போயிருந்தது.
வெறும் பாகு குடித்த இருபதில் ஐந்து.
'மருந்து கொல்லுகிறது' என்று தொடங்கி
பாதி வரி வந்திருப்பேன்.

பதினேழாம் பெட்டியில் பேனா நின்றது.
சீட்டில் புள்ளி. நோட்டில் கோடு.
இருபத்தொன்றும் அப்படி. முப்பத்துநாலு.
தேடித்தேடிப் பன்னிரண்டு.
மெலிந்த ஆறுக்கு மருந்தைக் கொடுத்து
பலத்த ஆறுக்கு வெறும் பாகு வைத்திருக்கிறாள்.
நோட்டில் ஒரு பொய் இல்லை.
நான்தான் சீட்டோடு ஒப்பிடவில்லை.

"செத்துக்கிட்டிருக்கத நோக்கி நிக்கவா சாரே செல்லுதிய?"
குரலில் கோபம் இல்லை, பாகு கிண்டிக்கொண்டே கேட்டாள்.
பதினொன்றையும் ஐந்தையும் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"ஆம்புலன்ஸ் வந்து நிக்க வீட்டுலதான் சாவு கூடுதல்.
அதுக்கு ஆம்புலன்ஸா கொல்லுகு?"

மூன்று வருடம் நான் படித்த பாடம்.
மருந்தின் பின்னால் சாவு போகவில்லை,
சாவின் பின்னால் மருந்து போயிருக்கிறது.

திரும்பவும் எண்ணினேன், சீட்டு விழுந்தபடியே.
யார் எதைக் குடித்தாலும்,
பையனின் விரல் எந்தப் பக்கம் போட்டதோ அந்தப் பக்கம்.
எட்டு. எட்டு.
மருந்து ஒன்றும் செய்யவில்லை என்றும்
இதை வைத்துச் சொல்ல முடியாது.
இடம் மாறிய பன்னிரண்டு, தண்ணீர் விட்ட பால்போல்
இரண்டு எட்டையும் கலக்கியிருக்கும்.
ஒரு மழைக்காலம், நாற்பது பெட்டி,
கடைசியில் கையில் ஒரு 'தெரியாது'.

மெலிந்த அந்த ஆறில் இரண்டு பிழைத்தது.
மருந்தாலா, அவள் கையாலா,
விட்டிருந்தாலும் பிழைத்திருக்குமா?
கொடுக்காமல் விட்ட அதே பெட்டி
எந்தத் தோப்பிலும் இல்லை.

அறிக்கையில்,
'பன்னிரண்டு பெட்டிகளில் பாகு மாறியது' என்று எழுதினேன்.
'மாற்றினாள்' என்று எழுதவில்லை.
ஒரு 'ற்' விட்டால் ஆளே காணாமல் போகிற மொழி.
நன்றி சொன்ன பக்கத்தில் மட்டும்
அவள் பெயரை முழுதாய்: தே. எப்சிபா, களியல்.

மாசியில் ரப்பர் செம்பு நிறமாய்த் துளிர்த்தது.
பூவில் இல்லை, இலைக்காம்பில் தேன் சுரக்கும் மரம்.
அடுத்த மழைக்கு நூறு பெட்டி கேட்டு எழுதியிருக்கிறேன்,
கூடவே, எறும்பும் ஏமாறும் ஒரு பாகு.
வரும் வழியில் பதினேழுக்குப் பக்கத்தில் நின்றேன்.
எதற்கும் சான்றில்லாத ஒரு பெட்டி.
மூடியில் காதை வைத்தேன்.