லாட் வித்தியாசம்

புது ஃபிரேம்வொர்க்குக்கு மாறிய மூன்றாம் வாரம்
திருப்பூர், காங்கேயம் சாலை குடோனிலிருந்து
செக்கிங் மரகதவல்லி அழைத்தாள்:
"ஏனுங், பின்னால போனா
ஆப்பே வெளிய தள்ளி வுட்டுருதுங்."

பழையதில் திரைகள்
மடித்து அடுக்கிய பனியன்கள்.
மேலே இருப்பதை எடுத்தால்
கீழே இருப்பது தானாய்த் தெரியும்.
புதியதில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி,
நேராகப் போய் இறங்கிக்கொள்ளலாம்;
வந்த வழியை அது குறித்து வைப்பதில்லை.
'மேலே வை' என்று எழுத வேண்டிய பதினேழு இடங்களில்
'போ' என்று எழுதியிருக்கிறேன்.

திருத்தி அனுப்பினேன்.
மறுநாள் மறுபடி அழைப்பு.
"நேவி நேவியா இல்லீங்."
அதே ஆறு எழுத்துக் குறியீடுதான்,
ஒன்றும் மாறவில்லை என்றேன்.
"ரெசிபி அதேதானுங். துணி வேற லாட்டுங்களே.
ஷேடு மாறத்தானுங் செய்யும்."

எனக்குக் கோபம்.
இரவு ஒன்றரைக்கு உரிக்க ஆரம்பித்தேன்.
பழையதில் ஓர் ஓரம் விட ஒரு வரி போதும்.
இங்கே ஓரத்துக்கு ஓர் உறை,
நடுவில் நிறுத்த இன்னோர் உறை,
உறைக்குள் உறைக்குள் உறை.
அத்தனைக்கும் அடியில், அட்டையின் மேல்,
யாரும் கேட்காமலே
அது தன் பங்குக்குப் பூசியிருந்தது
கண்ணுக்குச் சிக்காத ஊதா.

காலையில் ஒரு படம் வந்தது.
ஃபோன்மேல் பாதி மூடிய வெட்டுத்துணி.
துணி எங்கே முடிகிறது,
திரை எங்கே தொடங்குகிறது என்று
இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன்.
கீழே எழுதியிருந்தாள்:
"கலரு சரிங்.
பழைய சேவ் பட்டன் எங்கீங்?"