ஆயிரம் கோடிப் பேர்

மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை.
கீழக்கரையில் ஒரு மின்விசிறியும் சுற்றவில்லை.
குளிர்பெட்டிக் கதவில், முட்டைக் குழிகளுக்குக் கீழே
என் கேப்சூல் அட்டை வியர்க்கத் தொடங்கியது.
ஒன்றுக்குள் ஆயிரம் கோடி உயிர்.
அட்டைக்குப் பத்து.
மேலே எழுதியிருக்கிறது: குளிரில் வைக்கவும்.

மதுரையில் அறுத்தார்கள்.
வயிற்றில் ஒரு கோழிமுட்டையளவு பிரித்தெடுத்து
மிச்சத்தை ஓரமாய் ஒதுக்கிவிட்டு
குடலைத் தூக்கி வேறிடத்தில் தைத்தார்கள்.
டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.
எனக்கு விளங்கியது எங்கள் கரைக் கணக்கில்தான்:
மண் மூடிய முகத்துவாரத்தை விட்டு
ஓடை வேறு வழி வெட்டிக்கொண்டு போனால்
பழைய மடுவில் நீர் தேங்கும்.
தேங்கிய நீரில் எதெதுவோ குடியேறும்.
இறால் துள்ளிய இடத்தில் பச்சையாய் ஒரு நாற்றம்.
"அதேதான்" என்றார். சிரித்தார்.
"நல்லதுகளை நாமே கொண்டுபோய் விடுகிறோம்.
தங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.
சில ஆய்வில் பலன் தெரிந்தது, சிலதில் இல்லை.
மூன்று மாதம் விழுங்குங்கள், பார்ப்போம்."

பார்ப்போம் என்று சொன்ன முதல் டாக்டர்.
அதுவரை எல்லோரும்
நடக்கச் சொன்னவர்கள்.

பதினோரு மணிக்கு முனியராஜ் வந்தான்,
டிவிஎஸ் பின்னால் தெர்மோகோல் பெட்டி,
அதில் நகரை, ஊளி, கொஞ்சம் கணவாய்.
அட்டையை உறைக்குள் போட்டு நீட்டினேன்.
"சாயங்காலம் வரை உன் ஐஸில் இருக்கட்டும்."
"என்ன லாத்தா இது?"
"உசுரு."
"எத்தனை?"
சொன்னேன்.
பெட்டிக்குள் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"நம்ம தீவுக்கு அந்தப் பக்கமும் சேர்த்து
அவ்வளவு மீன் இருக்காதே லாத்தா."
கணவாய்க்கும் ஊளிக்கும் நடுவில் அதைச் செருகி
வண்டியை மிதித்துக்கொண்டு போனான்,
தெருத்தெருவாய் என் குடிமக்களைக்
கூவாமல் சுமந்துகொண்டு.

நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தேன்.
இப்போது தொண்ணூற்று ஒன்று.
போன இருபத்தேழு எங்கே என்று
என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள்,
நான்தான் எங்கோ வைத்து மறந்ததுபோல.

வெள்ளிக்கிழமை மயமூனா மகள் நிக்காஹ்.
சகனைச் சுற்றி நாலு பேர்:
ருவைதா, ஹபுசா, பெயர் தெரியாத ஒரு சம்பந்தி, நான்.
நெய்ச்சோற்றின் மேல் ஆவி.
பழைய நாளில் என் பங்கு எது என்று
சகனில் கோடு போடத் தேவையில்லை,
என் பக்கம் பள்ளமாகிவிடும்.
ஹபுசா அதைப் பார்த்துத் தட்டைத் திருப்பிவைப்பாள்,
பேசாமல்.
அந்தத் திருப்புதலுக்குத்தான்
நான் அறுத்துக்கொண்டேன் என்று
டாக்டரின் படிவத்தில் எழுத இடமில்லை.

அன்று மூன்று வாய்.
மூன்றாவதை முப்பது முறை மென்றேன்.
என் பக்கம் சோறு மலையாய் நின்றது.
"என்னம்மா, ஆள் வரலையா?" என்றாள் சம்பந்தி,
என் முன்னால் இருந்த குவியலைப் பார்த்து.
வந்திருக்கிறார்கள், ஆயிரம் கோடிப் பேர்,
காலையில்தான் தண்ணீரோடு உள்ளே அனுப்பினேன்,
உட்கார்ந்தார்களா எழுந்து போனார்களா தெரியவில்லை
என்று சொல்ல நினைத்து
தாளிச்சாவில் இருந்த கத்தரிக்காயை
அவள் பக்கம் தள்ளினேன்.

ஹபுசாவின் கை தட்டின் விளிம்புக்கு வந்தது.
திருப்பவில்லை. சும்மா அங்கேயே இருந்தது.

இப்போது காற்று குறைந்திருக்கிறது.
ராத்திரி வயிறு உருளுவதும் இல்லை.
கேப்சூலாலா, தயிராலா,
நாள் ஆனதாலா என்று கேட்டால்
டாக்டரும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்.
முடி கொத்தாய் உதிர்கிறது. அதற்கு வேறு மாத்திரை.
ராமநாதபுரம் மருந்துக்கடையில்
அடுத்த அட்டை சரக்கு வரவில்லையாம்.

இன்று மறுபடியும் கரண்டு இல்லை.
வாசலில் டிவிஎஸ் சத்தம்.
"லாத்தா, உங்க ஆளுக உசுரோட இருக்காகளா?"

"தெரியலப்பா.
ஐஸ் இருக்கா?"