யாரும் சாகாத புத்தகம்

பதினாறாம் அறை, செங்கம் வேடியப்பன்,
ராத்திரி பதினொன்றரைக்கு என் மேசை முன்னால் வந்து நின்றார்.
"ஒரு புக்கு இருந்தா குடுங்க மேடம்.
யாரும் சாவாததா இருக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் எங்கள் லாட்ஜ்.
அறையைக் காலி செய்தவர்கள் விட்டுப்போனதெல்லாம்
ஓர் அலமாரி.
பாதிக்கு மேல் வங்காளம்.
மிச்சத்தை ஏழு வருஷ நைட் டூட்டியில் படித்து முடித்தேன்.
யாருக்கு எது என்று தெரியும் எனக்கு.

பயாப்சி முடிவுக்குக் காத்திருப்பவருக்குப் பாம்புகளைப் பற்றியது:
முக்கால்வாசிக்கு விஷமில்லை என்று
முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.
தூக்கம் வராதவருக்குக் கூட்டுறவுச் சங்கச் சட்டம்.
பேசிக்கொள்ளாமல் ஒரே அறையில் தங்கும் அண்ணன் தம்பிக்கு
நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த வரலாறு.
அதை நடுவில் கிழித்தே வைத்திருக்கிறேன்,
ஆளுக்கொரு பாதி.
விடிவதற்குள் பேசித்தான் ஆகவேண்டும்.
சமையல் புத்தகத்தை மட்டும்
சாப்பாடு நிறுத்திய நோயாளிக்குத் தருவதில்லை என்றிருந்தேன்.
ஒரு அம்மாள் பிடுங்கிக்கொண்டு போய்
பருப்பு உருண்டைக் குழம்பை மூன்று முறை வாசிக்கச் சொன்னாராம்.

யாரும் சாகாதது?
பாம்பு என்றால் தவளை.
கோட்டை, கேட்கவே வேண்டாம்.
வானியலில் கடைசி அத்தியாயம் வரை நிம்மதி,
அங்கே சூரியன்.
காதல் நாவலில் அவள் பாலாற்றில் விழப் போகிறாள்,
தண்ணீர் இல்லை, திரும்பிவிடுகிறாள்,
அதற்குள் அவள் அப்பா.

அட்டை போன ஒரு ஏழாம் வகுப்புக் கணக்கு
கடைசித் தட்டில் கிடந்தது.
கொடுத்தேன்.

மூன்று மணிக்குக் கீழே வந்தார்.
"பன்னெண்டு ஆளு பத்து நாள்ல வெட்ற கெணறு.
நாலு நாள் கழிச்சு மூணு பேர் போய்ட்றாங்க.
மீதிக்கு எத்தினி நாளு?"

"எட்டு" என்றேன்.

"விடை பின்னாடியே கீது மேடம்.
அந்த மூணு பேரு எங்க போனாங்க?"

ஏழு வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி.
ஒருவனுக்குக் கூலி கட்டியிருக்காது என்றேன்.
இன்னொருவன் வீட்டில் கல்யாணம்.

"மூணாமத்தவன் இங்க வந்துருப்பான்,
பொஞ்சாதிய கூட்டிக்கினு" என்றார்.
பிறகு, படியேறப் போனவர் திரும்பி,
"அவன் பங்கையும் அந்த ஒம்பது பேர்தானே வெட்றாங்க?"

ஆமாம் என்றேன்.

அவர் காலி செய்த அன்று எனக்கு வார லீவு.
பகல் ஆள் நோட்டில் எழுதியிருந்தார்:
பக்கெட் சரி, போர்வை சரி, ரிமோட் சரி.
புத்தகத்துக்கென்று அதில் கட்டம் கிடையாது.

லாங் பஜார் பக்கம் பழைய பேப்பர் கடையில்
அதே புத்தகம் கேட்டேன்.
ஆறாம் வகுப்புதான் இருந்தது.
அதில் கிணறு இல்லை, தொட்டி.
ஒரு குழாய் நிரப்புகிறது,
இன்னொன்று காலி செய்துகொண்டே இருக்கிறது.

பரவாயில்லை என்று வாங்கி வைத்திருக்கிறேன்.