எண்ணி முடிக்கும் வரை

கச்சான் ஓய்ந்து
வாடை இன்னும் மனம் வைக்காத
ஒக்டோபர் மாதப் பின்னேரம்.
கோமாரிக் களப்பின் கரையில்
முக்காலியின் ஒரு கால் சேற்றில் புதைகிறது.
சிரட்டையொன்றை அதன்கீழ் கவிழ்த்து வைத்துவிட்டு
தொலைநோக்கியைத் திருகுகிறேன்.

தூரத்தில் கறுத்த ஒரு கோடு.
வெறுங்கண்ணுக்கு அது ஆற்றுவாழை.
திருகத் திருகக்
கோட்டில் கழுத்துகள் முளைக்கின்றன.
நீலச்சிறகிகள்.
வந்த களைப்பில் உடுப்பு மாற்றவில்லை,
ஆணும் பெண்ணும் ஒரே மண்ணிறம்.
அவற்றின் நடுவே
வேறெங்கோ போகவேண்டியவைபோல்
பதினொரு ஊசிவால் வாத்துகள்.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது:
பத்தைப் பிடி.
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணுக்குள் வை.
அதைக்கொண்டு தண்ணீரை வெட்டு.
ஒவ்வொரு துண்டுக்கும் பெருவிரலை அழுத்து.

எண்ணூற்று நாற்பதில்
வெடித்தது.

நனைந்த சாக்குகளை
ஆயிரம் பேர் ஒரே நேரம் உதறினாற்போல் ஒரு சத்தம்.
கோடு எழுந்தது, வளைந்தது,
வெயிலில் ஒருமுறை வெளுத்தது,
பிறகு தில்லை மரங்களுக்கு அப்பால்
வேறொரு கோடாக இறங்கியது.
என் கையில் எண்ணூற்று நாற்பது
எதனுடையதும் அல்லாமல் கிடந்தது.

வரம்பால் வந்தார் உதுமாலெவ்வை.
மடித்துக் கட்டிய சாரம்,
பொலித்தீன் பைக்குள் சீனவெடி.
"டீச்சர், நீங்களா? ஆக்களில்லை எண்டு நினைச்சன்."
"எண்ணிக்கொண்டிருந்தேன்."
"நானும்தான்" என்றார்.
"முந்தாநாள் முளைநெல்லு எறிஞ்ச.
ராவைக்கு இறங்கினா
விடிய வட்டையில சேறு மட்டும்தான் இரிக்கும்.
ரெண்டாந்தரம் எறிய நெல்லில்ல,
கடன் கேக்க முகமுமில்ல."

நான் மறுமொழி சொல்லவில்லை.
படிவத்தைப் பார்த்தேன்:
இனம், தொகை, நேரம், காற்றின் திசை.
அவரும் எட்டிப் பார்த்தார்.
"கமநலத்திலயும் இப்பிடித்தான் ஒண்டு தந்தாங்க.
யானைக்கு ஒரு பெட்டி. வெள்ளத்துக்கு ஒரு பெட்டி.
தாராக்குப் பெட்டியில்ல.
தாராவா எண்டு சிரிச்சாங்க டீச்சர்."

கரையோரம் ஒரு மூக்கன்,
அலகின் பாதி சேற்றுக்குள்,
வெடிக்கும் அசையாத செவிடு.
காலில் மஞ்சள் வளையம்,
வளையத்தில் எழுத்து.
காட்டினேன்.
ஒற்றைக்கண்ணை மூடிக் கனநேரம் பார்த்தார்.
"நம்பர் பிளேட் போட்டிரிக்கே!
இவரிலயெண்டா கேஸ் போடலாம்.
எந்த ஊர்?"
"தெரியாது. எழுதி அனுப்பினால் சொல்வார்கள்."
"கேட்டா மறுமொழி வருமா?"
"வரும்."
அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

வடக்கே மின்னியது.
சத்தம் வரவில்லை.

"டீச்சர்,
எத்தினை எண்டு எழுதி, ஒப்பம் வெச்சி
எனக்கும் ஒரு துண்டு தரேலுமா?
சிரிச்சவனுக்குக் காட்ட வேணும்."

கடமைக்காக எண்ண வந்த எனக்கு
என் எண் ஒருவருக்குத் தேவைப்பட்டது
அதுதான் முதல்தடவை.
"தரலாம். ஆனால் அவை அசையாமல் இருக்கவேண்டும்."

புரிந்தது.
இரண்டாம் வெடியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு
தீப்பெட்டியைப் பொத்திப்பிடித்து
குந்தியிருந்தார்.
"எண்ணுங்கவன்" என்றார்,
"முடியச் சொல்லுங்க."

பத்து. இருபது.
பின்னேரம் களப்பில் கரைந்துகொண்டிருந்தது.
ஒன்று தலையைச் சிறகுக்குள் செருகியது,
பக்கத்தில் இருந்ததும் செருகியது.
நானூறு.
வாடையின் முதல் விரல் கழுத்தில் பட்டது.
எழுநூற்றுப் பத்து.
என் பெருவிரலை
அவர் பார்ப்பது தெரிந்தது.
ஆயிரத்து இருபது.

ஒருமுறை வேண்டுமென்றே
பிந்தி அழுத்தினேன்.
அடுத்த பத்துக்கு இன்னும் பிந்தி.

தீப்பெட்டியை அவர் மெல்லக் குலுக்கினார்.
எத்தனை குச்சி மிச்சம் என்று
காதால் எண்ணுவதுபோல்.
"பிழைச்சிட்டுதெண்டா
முதல்லயிருந்து எண்ணுங்க" என்றார்
என்னைப் பாராமல்.

மழையின் முதல் துளி
படிவத்தில், தொகை என்ற சொல்லின்மேல் விழுந்தது.

பத்து, என்றேன்.